வெரபமில் மாத்திரை: படபடப்புக்கு எனக்கு எப்படி இருக்கிறது, யாருக்கு ஆகவே ஆகாது

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு நான்கு. வெரபமில் பழைய மாத்திரை, விலை குறைவு, யாரும் இதை விளம்பரப்படுத்துவதில்லை, ஆனால் சரியான காரணத்துக்குச் சரியான ஆளுக்குக் கொடுத்தால் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறது. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குப் பாதிக் காரணம் மலச்சிக்கல். மீதிப் பாதி, படபடப்பு என்ற ஒரே காரணத்துக்காக இசிஜிகூடப் பார்க்காமல் யாராவது இதை வாங்கி விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது. இந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு இருப்பது திடீரென்று வந்து திடீரென்று நிற்கும் படபடப்பு. டாக்டர்கள் பிஎஸ்விடி என்பார்கள், அதில் ஏவிஎன்ஆர்டி என்ற வகை. சும்மா உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே இதயம் நிமிடத்துக்கு 180, 190 என்று ஓட ஆரம்பித்துவிடும், கழுத்துக் குழியில் தடதடவென்று அடிப்பது கண்ணாடியில் பார்த்தாலே தெரியும், கை சில்லிட்டுப் போகும், பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ கழித்து எப்படி வந்ததோ அப்படியே சட்டென்று நின்றுவிடும். நின்ற பிறகு சிறுநீர் ஏராளமாகப் போகும். ரொம்ப நாள் இதை யாரிடமும் நான் சொல்லவில்லை, இதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருந்தேன். சம்பந்தம் உண்டு. வேகமாகத் துடிக்கும்போது இதயத்தின் மேலறைகள் இழுபட்டு ஒரு ஹார்மோனை வெளியே விடுகின்றன, அது சிறுநீரகத்தை முடுக்குகிறது. கழுத்து அடிப்புக்கும் காரணம் இருக்கிறது: மேலறையும் கீழறையும் ஒரே நேரத்தில் சுருங்குவதால் நடுவில் இருக்கும் வால்வு மூடியிருக்க, மேலறை ரத்தம் போக வழியில்லாமல் கழுத்து நரம்புக்கே திரும்பி எகிறுகிறது. இந்த இரண்டு அறிகுறியும் உங்களுக்கு இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க இவை உண்மையிலேயே உதவும்.

இந்த வகைப் படபடப்பு பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். நான் போன முதல் கிளினிக்கில் 'வீட்டில் ஏதாவது பிரச்சனையாம்மா, ரொம்ப யோசிக்காதீங்க' என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் வாயு என்றார்கள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில் இருக்கிறது. படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த இசிஜி நார்மலாகத்தான் வரும், அதை வைத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவது எந்த ஊர் நியாயம்? கடைசியில் ஒருநாள் அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தெரு மருத்துவமனைக்கு ஓடி, அங்கிருந்த சின்ன வயது டூட்டி டாக்டர் உடனே இசிஜி எடுத்து, அந்தத் தாளை என் கையில் கொடுத்து 'இதைப் பத்திரமா வச்சுக்கோங்க அக்கா, ஹார்ட் டாக்டர்கிட்ட இதைத்தான் காட்டணும்' என்றார். அந்த ஒரு தாள்தான் எனக்கு வைத்தியம் ஆரம்பித்து வைத்தது.

சரி, மாத்திரைக்கு வருவோம். வெரபமில் என்ன செய்கிறது என்று புரியவேண்டுமானால் இதயத்துக்குள் கால்சியம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து கைவைப்பது அதில்தான். கால்சியம் என்றால் நமக்கெல்லாம் எலும்பு, பல், கேழ்வரகு, பால். உடம்பில் இருக்கும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது, அது உண்மை. மிச்சம் இருக்கும் அந்தத் துளியை நம்பித்தான் இதயம் துடிக்கிறது.

இது தெரியவந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புத் தண்ணீரில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கரைசலைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்காமல் லண்டன் குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள் என்று. சுத்தமான தண்ணீரில் கலந்து மறுபடி செய்து பார்த்தால் இதயம் தளர்ந்து தளர்ந்து நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதை ஓட்டியிருக்கிறது. 1883இல் இதை எழுதி வெளியிட்டார். ஆஸ்பத்திரியில் நமக்கு ஏற்றும் ஆர்எல் பாட்டில் இருக்கிறதே, ரிங்கர் லாக்டேட், அதில் இருக்கும் ரிங்கர் இவர்தான். அந்தப் பாட்டிலிலும் கொஞ்சம் கால்சியம் உண்டு.

இதய செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் செறிவு, செல் ஓய்வாக இருக்கும்போது உள்ளே இருப்பதைப்போல் சுமார் பத்தாயிரம் மடங்கு. ஒவ்வொரு துடிப்பிலும் செல்லின் சுவரில் இருக்கும் சேனல்கள் ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் திறந்து கொஞ்சம் கால்சியத்தை உள்ளே விடுகின்றன. அந்தக் கொஞ்சம், செல்லுக்குள்ளேயே பையில் சேமித்து வைத்திருக்கும் நிறைய கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. அதில்தான் தசை சுருங்குகிறது. உடனே அதையெல்லாம் திரும்பப் பைக்குள்ளும் செல்லுக்கு வெளியேயும் இறைத்து வெளியேற்றினால்தான் தசை தளரும், அடுத்த துடிப்புக்கு இடம் கிடைக்கும். நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் இது நடக்கிறது. விடுவதிலோ இறைப்பதிலோ கோளாறு வந்தால் துடிப்பின் தாளமும் கெடும்.

இதில் எனக்குச் சம்பந்தப்பட்ட இடம் ஏவி முனை. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின்சாரம் இறங்கும் இடம். இதயத்தின் மற்ற தசைகளில் மின்சாரம் சோடியத்தால் பாய்கிறது, அது வேகம். ஏவி முனையிலும், துடிப்பை ஆரம்பித்துவைக்கும் எஸ்ஏ முனையிலும் மட்டும் கால்சியத்தால் பாய்கிறது, அது மெதுவு. இந்த மெதுவு வேண்டியதுதான், மேலறை ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி அவகாசம் வேண்டும் அல்லவா. ஆனால் என்னைப்போல் சிலருக்குப் பிறவியிலேயே ஏவி முனையை ஒட்டி இரண்டு பாதைகள் உண்டு, ஒன்று வேகமானது, இன்னொன்று மெதுவானது. இரண்டு முனையும் சேர்ந்திருக்கும் இரண்டு சந்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் தவறி ஒரு துடிப்பு வரும்போது வேகச் சந்து இன்னும் திறக்காமல் இருந்தால், மின்சாரம் மெதுச் சந்தில் இறங்கி, அடியில் போய்ச் சேருவதற்குள் வேகச் சந்து திறந்துவிட, அது வழியாக மேலே ஏறி, மறுபடி மெதுச் சந்தில் இறங்கி, சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு. அதுதான் அந்த 180.

வெரபமில் அந்தக் கால்சியம் சேனல்களில் போய் உட்கார்ந்து கால்சியம் நுழைவதைக் குறைக்கிறது. மெதுவான பாதை இன்னும் மெதுவாகி, ஒரு கட்டத்தில் சுற்று அறுந்துவிடுகிறது. இதில் ஒரு அழகு உண்டு: சேனல் எவ்வளவு அடிக்கடி திறக்கிறதோ அவ்வளவு நன்றாக இந்த மருந்து அதைப் பிடிக்கும். அதனால் இதயம் தாறுமாறாக ஓடும்போது கை ஓங்குகிறது, சாதாரணமாகத் துடிக்கும்போது அவ்வளவாகத் தலையிடுவதில்லை. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலேயே மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் ஊரில் க்னோல் என்ற கம்பெனி, இதய ரத்தக் குழாயை விரிக்க இதைக் கொண்டுவந்தது. 1960களில் ஃப்ரைபர்க்கில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கென்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளர், இந்த மருந்து கொடுத்த இதயத் தசை, கால்சியத்தை நீக்கிவிட்ட தசை போலவே நடந்துகொள்கிறது என்பதையும், கால்சியத்தைக் கூட்டினால் பழையபடி ஆகிவிடுகிறது என்பதையும் கவனித்தார். கால்சியம் தடுப்பு மருந்துகள் என்ற ஒரு பெரிய குடும்பமே அங்கிருந்து வந்தது. இன்றைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வெரபமில் இருக்கிறது.

என் அனுபவம் எப்படி? நான் எடுப்பது மெதுவாகக் கரையும் வகை, 240 மில்லிகிராம், சாப்பாட்டோடு ஒருவேளை. டாக்டர் முதலில் குறைந்த அளவில் ஆரம்பித்து, பிரஷரும் இசிஜியும் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றினார். படபடப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். முன்பு அடிக்கடி வந்தது இப்போது எப்போதாவது வருகிறது, வந்தாலும் 190க்குப் போவதில்லை, சீக்கிரம் அடங்கிவிடுகிறது. பஸ்ஸில் தனியாக வெளியூர் போகவே பயந்துகொண்டிருந்தவள் இப்போது போகிறேன். இந்த ஒன்றுக்காகவே எனக்கு இந்த மாத்திரை மேல் மரியாதை.

கெட்டதையும் சொல்கிறேன். மலச்சிக்கல் நிஜம். குடல் தசையும் இதே மாதிரி கால்சியம் சேனலை வைத்துத்தான் அசைகிறது, மருந்துக்குக் குடல் எது, இதயம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்தக் குடும்பத்திலேயே இந்தத் தொல்லை அதிகம் கொடுப்பது வெரபமில்தான். கீரை, கொய்யா, வெந்நீர், ராத்திரியில் இரண்டு உலர் அத்திப்பழம் என்று சமாளிக்கிறேன், சில வாரம் இவையெல்லாம் போதாமல் டாக்டர் எழுதிய சிரப்பும் வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றியது, அது பழகிவிட்டது. சிலருக்குக் கால் வீங்கும், சிலருக்கு ஈறு தடிக்கும், எனக்கு இரண்டும் இல்லை.

வாங்குவதில் ஒரு சிக்கல். சின்ன மெடிக்கல் ஷாப்களில் இதை அதிகம் வைத்திருப்பதில்லை. ஒரு கடையில் 240 இல்லை என்று சொல்லி, மெதுவாகக் கரையாத சாதாரண வகையில் இரண்டு 120 ஒரே வேளையில் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். ஒன்றில்லை. சாதாரண மாத்திரையை நாளைக்கு மூன்று வேளையாகப் பிரித்துத்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் சில மணி நேரத்தில் அதன் வேகம் குறைந்துவிடும். மொத்தமாகப் போட்டால் ஒரே நேரத்தில் பிரஷர் இறங்கும், துடிப்பு குறையும். அதேபோல் மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிடவே கூடாது. அட்டையில் மெதுவாகக் கரையும் வகையைக் குறிக்கும் எஸ்ஆர் என்ற எழுத்து போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்து வாங்குங்கள், கையிருப்பு தீரும் வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொரு சந்தேகம் நிறையப் பேருக்கு வரும். ஊசியில் 5 மில்லிகிராம் கொடுக்கிறார்கள், மாத்திரையில் மட்டும் ஏன் 80, 120? வாய்வழியாகப் போகும் வெரபமிலில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைத்துவிடுகிறது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. கல்லீரல் கோளாறு இருப்பவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதும் இதனால்தான். கிரேப் ஃப்ரூட் சாறு குடித்தால் இந்த உடைக்கும் வேலை தடைப்பட்டு ரத்தத்தில் மருந்து கூடிவிடும். பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய சொந்தம் என்பதால் நான் அதையும் ஒதுக்கிவிட்டேன். மது குடிப்பவர்கள் கவனிக்க: வெரபமில் எடுத்திருக்கும்போது போதை வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறி, கூடுதல் நேரம் நிற்கும்.

இப்போது கேழ்வரகு. கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை என்று சொன்னதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, 'அப்ப எலும்பு என்னத்துக்காகும்?' இரண்டாவது, 'இனிமே ராகிக்கூழ் குடிக்கலாமா?' இந்த இரண்டு பயத்திலும் மாத்திரையை நிறுத்திவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் தெளிவாகச் சொல்கிறேன். இந்த மருந்து எலும்பில் இருக்கும் கால்சியத்தை எடுப்பதில்லை, சாப்பாட்டில் வருவதைச் சேரவிடாமல் செய்வதும் இல்லை. செல் சுவரில் இருக்கும் சேனலைத்தான் பிடிக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, நீங்கள் அதைக் களியாகக் கிண்டிச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் கால்சியம் அதற்கேற்ப ஏறிவிடாது, ஏனென்றால் பாராதைராய்டு சுரப்பிகள் ரத்தக் கால்சியத்தை ஒரு டெசிலிட்டருக்கு 8.5க்கும் 10.5 மில்லிகிராமுக்கும் நடுவில் பிடித்து வைத்திருக்கின்றன. நான் கேழ்வரகு, மோர், கருவாடு எதையும் விடவில்லை. கால்சியம் மாத்திரையை நிறைய அளவில் எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அது வெரபமிலின் வேகத்தைக் குறைக்கலாம்.

வீட்டில் பெரியவர்களுக்குப் பிரஷருக்காக அம்லோடிபின் இருக்கும், அதுவும் கால்சியம் தடுப்பு மருந்துதானே, படபடப்புக்கு அதையே ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. குடும்பம் ஒன்று, வேலை வேறு. அம்லோடிபின் பெரும்பாலும் ரத்தக் குழாயின் தசையில்தான் வேலை செய்கிறது, ஏவி முனையை ஒன்றும் செய்வதில்லை. குழாய் விரிந்து பிரஷர் இறங்கும்போது சிலருக்கு இதயம் கொஞ்சம் வேகமாகவே துடிக்கும். ஏவி முனையைப் பிடிப்பவை வெரபமிலும் டில்டியாசமும். டில்டியாசம் அவ்வளவாக மலச்சிக்கல் தருவதில்லை, வெரபமில் ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம்.

இனி வருவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். எல்லாப் படபடப்பும் ஏவி முனையில் ஓடுவதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் ஏவி முனையைத் தாண்டி ஒரு கூடுதல் இணைப்பு இருக்கும், டபிள்யூபிடபிள்யூ என்பார்கள். அவர்களுக்கு மேலறை கன்னாபின்னாவென்று நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும்போது வெரபமில் கொடுத்தால், ஏவி முனை மெதுவாகிவிடும், ஆனால் அந்தக் கூடுதல் இணைப்பு சோடியத்தில் ஓடுவது, அதை இது ஒன்றும் செய்யாது. நடுங்குதல் முழுக்க அந்த வழியாகக் கீழறைக்கு இறங்கி இதயமே நின்றுபோகலாம். கீழறையிலிருந்தே கிளம்பும் விடி என்ற படபடப்பில் ஊசியாகக் கொடுத்தால் பிரஷர் விழுந்து ஆள் சரிந்துவிடுவார். இசிஜியில் அகலமான அலைகள் தெரிந்தால் வெரபமிலைத் தொடாதே என்று டாக்டர்களுக்குப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள். இதில் ஒரு விலக்கு உண்டு: இடது கீழறையின் மின் கிளையில் சுற்றும் ஃபாசிகுலர் விடி என்ற வகை, பெரும்பாலும் இதயத்தில் வேறு கோளாறு இல்லாத இளவயதுக்காரர்களுக்கு வருவது, வெரபமிலுக்கு நன்றாகக் கட்டுப்படும். அதை அடையாளம் காண்பது இசிஜி படிக்கத் தெரிந்தவர் வேலை, நம் வேலை இல்லை.

இதயத்தின் பம்பிங் குறைந்தவர்களுக்கு வெரபமில் ஆகாது, தசை சுருங்குவதற்கே கால்சியம்தான் வேண்டும், அதைக் குறைத்தால் பலவீனமான இதயம் இன்னும் பலவீனமாகும். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்காமல் இதை ஆரம்பிக்க வேண்டாம் என்று என் டாக்டர் சொன்னது அதற்காகத்தான். ஏற்கெனவே மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு இதையும் சேர்த்தால் துடிப்பு மிகவும் குறைந்து மயக்கம் வரலாம். டிகாக்ஸின் என்ற இதய மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் டிகாக்ஸின் பாதி அளவுக்கும் மேல் கூடிவிடும். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் எடுப்பவர்கள் 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வேறு டாக்டரிடம் போகும்போது, பல் டாக்டராக இருந்தாலும், அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். சிறு குழந்தை ஒன்றிரண்டு மாத்திரை விழுங்கினாலே உயிர் போகலாம், அதுவும் எஸ்ஆர் வகையில் முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாமலிருந்து அப்புறம் சரியும். விழுங்கியது தெரிந்தால் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே கொடுக்கும் மாற்று மருந்துகளில் முதலில் வருவது நரம்பு வழியாக ஏற்றும் கால்சியம்தான், பல நேரம் அது மட்டும் போதாமல் நிறைய இன்சுலினும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும்.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. ஓடும்போது, பயப்படும்போது, அழும்போது மயங்கி விழும் பிள்ளைகளில் சிலருக்குச் சிபிவிடி என்ற பரம்பரைக் கோளாறு இருக்கும். செல்லுக்குள் இருக்கும் அந்தக் கால்சியம் பையின் திறப்பில் ஓட்டை, அட்ரினலின் ஏறும்போது கால்சியம் தவறான நேரத்தில் கசியும். கசிந்ததைச் செல் வெளியே தள்ளும்போது ஒரு கால்சியத்துக்கு மூன்று சோடியம் உள்ளே வருகிறது, அந்தக் கூடுதல் மின்னூட்டமே ஒரு தவறான துடிப்பைக் கிளப்பிவிடுகிறது. இதற்குக் காரணமான ஆர்ஒய்ஆர்2 மரபணுவை 2001இல் கண்டுபிடித்தார்கள். சும்மா படுக்கவைத்து எடுக்கும் இசிஜி நார்மலாக இருக்கும், டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் தெரியும், வலிப்பு என்று தப்பாக நினைத்து மருந்து கொடுப்பதும் நடக்கிறது. இங்கே முதல் மருந்து பீட்டா பிளாக்கர், தேவைப்பட்டால் ஃப்ளெகெய்னைட் என்ற தாளம் சீராக்கும் மருந்து. கோளாறு கால்சியத்தில்தான், ஆனாலும் வெரபமிலை நம்பி இருக்க முடியாது, ஏனென்றால் ஓட்டை இருப்பது வேறு இடத்தில்.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தாலும் தாளம் கெடும், அதற்கும் வெரபமிலுக்கும் சம்பந்தமில்லை. கால்சியம் குறைந்தால் இசிஜியில் க்யூடி என்ற இடைவெளி நீளும், கூடினால் குறுகும். தைராய்டு ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டால் கால்சியம் இறங்கும், உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல் இழுப்பு வரும், அதோடு படபடப்பும் மயக்கமும் சேர்ந்தால் தாமதிக்கவே கூடாது. இன்னொரு கூட்டம், காலையில் எழுந்ததும் கேஸ் மாத்திரை போட்டே பல வருடம் ஓட்டுகிறவர்கள். பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகையை நீண்ட நாள் எடுத்தால் சிலருக்கு மக்னீசியம் குறையும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011இலேயே எச்சரித்தது. மக்னீசியம் மிகவும் குறைந்தால் பாராதைராய்டு சரியாகச் சுரக்காமல் கால்சியமும் இறங்கும். எதிர்ப்பக்கம், வைட்டமின் டி ஊசியை ஆறு லட்சம் யூனிட் கணக்கில் டாக்டரைக் கேட்காமலேயே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு கால்சியத்தை ஏற்றிவைத்துக்கொள்கிறவர்கள். படபடப்புக்காகப் போகும்போது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், தைராய்டு நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை எடுத்தும் எனக்குப் படபடப்பு வரும்போது நான் செய்வது டாக்டர் சொல்லிக்கொடுத்த மூச்சு முக்கும் முறை. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்றை வாயில் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 நொடி ஊத வேண்டும், பாதி உட்கார்ந்த நிலையில். உடனே மல்லாந்து படுத்து, இன்னொருவர் இரண்டு காலையும் 45 டிகிரிக்குத் தூக்கி 15 நொடி பிடிக்க வேண்டும். இங்கிலாந்தில் செய்த ஒரு சோதனையில், 2015இல் வெளியானது, இப்படிக் காலைத் தூக்கியவர்களில் 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சரியானது, வெறுமனே உட்கார்ந்து முக்கியவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான். செலவே இல்லாத வைத்தியம் இது, என் வீட்டில் எல்லோருக்கும் காலைத் தூக்கத் தெரியும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கண் இருட்டுதல் இருந்தால் இதைச் செய்துகொண்டு வீட்டில் உட்காராமல் 108ஐக் கூப்பிடுங்கள். இதே கால்சியம் தடுப்பு வழியில் மூக்கில் அடித்துக்கொள்ளும் எட்ரிபமில் என்ற ஸ்ப்ரேயையும் சோதித்திருக்கிறார்கள், 2023இல் வந்த முடிவில் அரை மணி நேரத்துக்குள் 64 சதவீதம் பேருக்குப் படபடப்பு நின்றது, போலி ஸ்ப்ரே அடித்தவர்களில் 31 சதவீதம். தினமும் மாத்திரை போடாமல் வரும்போது மட்டும் அடித்துக்கொள்ளலாம் என்பது என்னைப்போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக அப்லேஷன். தொடையில் நரம்பு வழியாகக் குழாயை விட்டு அந்த மெதுவான பாதையைச் சூட்டால் பொசுக்கிவிடுவது. என் வகைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் சரியாகிவிடுகிறது, மாத்திரையும் வேண்டாம். ஏவி முனையே பழுதாகிப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் கீழ். அடிக்கடி படபடப்பு வருகிறவர்களுக்கு இப்போது டாக்டர்கள் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள், எனக்கும் சொன்னார்கள். இளவயதுக்காரர்கள், பிள்ளை பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள், தினமும் மாத்திரை போட முடியாதவர்கள் தயங்காமல் அதற்கே போகலாம் என்பேன். எனக்கு இப்போதைக்கு மாத்திரையே போதுமான அளவு கட்டுப்படுத்துகிறது, மகளின் பரீட்சை முடிந்ததும் அப்லேஷனுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அதுவரை ராத்திரி சாப்பாட்டோடு ஒரு வெரபமில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இசிஜி, வருடத்துக்கு ஒரு எக்கோ, இதுதான் என் ஏற்பாடு.